சும்மா துரையும் ஸ்டோர் கடிகாரமும்

கொழுந்தைத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரின் பெரிய கதவு பாதி திறந்து கிடந்தது. முதல் நாள் அதைப் பூட்டியவன் நான். சாவி என் மடியில் இருந்தது.

விடிய இன்னும் நேரமிருந்தது. உள்ளே ஓர் அரிக்கன் விளக்கு எரிந்தது. முந்தின நாள் காய்ந்த தூளின் வாசம் மூக்கில் ஏறியது. எப்போதும் காதில் விழுகிற டிக் டிக் மட்டும் இல்லை. அந்த ஸ்டோர் அவ்வளவு அமைதியாகவும் இருக்கும் என்பது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

சுவரோடு நிற்கும் ஆளுயரக் கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து, ஊசலை ஒற்றை விரலால் பிடித்தபடி ஒரு வெள்ளைக்காரர் நின்றார். மறு கையில் தகரக் குவளை. அதில் ஆவி பறந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "பொறுங்கள், கணக்கப்பிள்ளை. நான் இன்னும் குடித்து முடிக்கவில்லை" என்றார்.

சரியான பொறி வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

இந்த வாரம் அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். காலேஜில் பௌதிகம் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் அவர் பெயர் தெரியும். ஆனால் அதை நான் எழுதப் போவதில்லை. பெயரைப் போட்டால் நன்றாக இருக்குமே என்று பத்திரிகை ஆசிரியர் இரண்டு கடிதம் போட்டார். ஒரு கடிதம் போதாதா? இரண்டாவது எதற்கு? அந்த இரண்டாவது கடிதத்துக்காகவே எழுதவில்லை.

தோட்டத்தின் பெயரும் வேண்டாம். அப்புத்தளைக்குக் கீழே, மூட்டம் விலகிய நாளில் தூரத்துக் கடல் வெள்ளித் தகடாகத் தெரியும் சரிவில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் உலகச் சண்டைக்கு முந்தின காலம். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து பதுளைக்கு மாட்டு வண்டிதான்.

சும்மா இருப்பதற்குச் சம்பளமா?

எனக்குச் சந்தேகப் புத்தி. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? டோபி கொண்டுவரும் சட்டையில் பொத்தான்களை எண்ணிப் பார்த்துத்தான் வாங்குவேன். "தாலி கட்டுறதுக்கு முந்தி அதையும் ஒரசிப் பாத்த ஆளு" என்று என் மனைவி ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். உரசவில்லை. கையில் தூக்கிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அந்தப் புத்தியோடு கணக்கப்பிள்ளை வேலையும் சேர்ந்துகொண்டது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஆபீசில் நாற்காலி போட்டு உட்காருகிறவர் அல்ல. விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டில் நிற்க வேண்டும். வந்தவர்களுக்குப் பேர் போட வேண்டும். பிறகு நாள் முழுக்க மலையில் அவர்கள் பின்னால் நடக்க வேண்டும். யார் எதை மறைக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் பிழைப்பு.

அப்படிப்பட்டவன் கண்ணில் இவர் வந்து விழுந்தார். தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்கு மனைவியான துரைசானியின் தம்பி. மூன்று பெட்டியோடு வந்தார். அதில் இரண்டு புத்தகப் பெட்டி. துப்பாக்கி இல்லை, நாய் இல்லை, குதிரை ஏறத் தெரியாது. காலையில் ஒன்பதாம் நம்பர் மலைக்கு எதிரே இருக்கும் பாறையில் போய் உட்காருவார். மத்தியானம் போய்ப் பார்த்தாலும் அங்கேதான் இருப்பார். எப்போதாவது ஒரு சின்னப் புத்தகத்தில் பென்சிலால் ஏதோ எழுதுவார்.

எங்கள் ஆட்கள் எந்தத் துரைக்கும் ஒரு வாரத்துக்குள் பெயர் வைத்துவிடுவார்கள். இவருக்கு மூன்று நாள்கூட எடுக்கவில்லை. சும்மா துரை.

பங்களாச் சமையல்கார அப்புதான் விவரம் கொண்டுவந்தான். இவர் சீமையில் பெரிய புரொபசராம், சீக்குக்கு ஓய்வெடுக்க வந்திருக்கிறாராம். எந்த மெஷினையும் தொடமாட்டாராம். உட்கார்ந்து யோசிப்பதுதான் வேலையாம், அதற்குச் சம்பளமாம்.

இதை என் அக்கா காத்தாயியிடம் சொன்னேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "யோசிக்கிறதுக்குச் சம்பளமா? அப்ப ஒனக்கு ரெட்டச் சம்பளம் குடுக்கணுமே தம்பி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்தில் வேலை இல்லாத வெள்ளைக்காரர் என்று ஒருவர் உண்டா? வேலை இல்லை என்றால், வெளியே சொல்ல முடியாத வேலை என்றுதானே அர்த்தம்? அதோடு அவர் சட்டைப்பையில் ஒன்றல்ல, இரண்டு கடிகாரம் இருந்தது.

கடிகாரத்தைக் கண்டால் நான் ஏன் பயப்பட வேண்டும்? சொல்கிறேன்.

ஒரு குவளைத் தேத்தண்ணி

எங்கள் தோட்டத்து மணி ரயில் மணியைவிட அரை மணி முந்தியது. ஆட்களை வேளையோடு மலைக்கு ஏற்றுவதற்காகப் பெரிய துரை வைத்த ஏற்பாடு. பக்கத்துத் தோட்டத்தில் இருபது நிமிடம்தான் முந்தல். நாங்கள் ஐந்து நிமிடம் நடந்து எல்லையைத் தாண்டினால், புறப்பட்ட நேரத்துக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிடுவோம். சும்மா துரைக்கு இதை யாரோ சொல்ல, அன்று முழுக்கப் பாறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தாராம்.

தோட்டத்துக்கெல்லாம் ஒரே மணி ஸ்டோர் கடிகாரம்தான். ஸ்டோர் கடிகாரம் பிழையாக ஓடாது, மற்ற எல்லாம் பிழை என்பது பெரிய துரையின் சட்டம். ஐந்தரைக்குக் கொம்பு ஊதும். ஆறுக்குப் பெரட்டு. ஆறு அடித்த பிறகு வருகிறவர்களைப் பெரிய துரையின் கீழ் இருக்கும் சின்னத்துரை திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை.

கீழ்ப்பிரிவு லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் கொம்புச் சத்தம் கேட்ட பிறகு பிள்ளைக்குப் பால் கொடுத்து, எதிர்ப் பக்கம் ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, முந்நூறு படி ஏறி வர வேண்டும். அரை மணி போதாது. என் அக்கா ஒரு மாதத்தில் நான்கு முறை திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு காலையில் பால் கொடுப்பதையே நிறுத்தினாள். ஓடிவந்து பெரட்டில் நின்றாள். அந்தப் பிள்ளை நாளுக்கு நாள் மெலிந்தது. மழை விடுவதற்குள் போய்விட்டது.

என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவள் பறித்த கொழுந்தில்தான் நான் பதுளையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தேன். பெரட்டில் நின்று அவளுக்குப் பேர் போடாமல் திருப்பி அனுப்பிய புத்தகமும் என் கையில்தான் இருந்தது. இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அடுத்த பிள்ளை பிறந்தபோது ஒரு முடிவுக்கு வந்தேன். காலையில் ஸ்டோரைத் திறப்பவன் நான். காவல்காரன் அடுப்படியில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். கடிகாரக் கதவைத் திறந்து ஊசலை ஒரு விரலால் நிறுத்துவேன். ஒரு குவளைத் தேத்தண்ணியை வெல்லம் கடித்துக்கொண்டு நிதானமாகக் குடிப்பேன். குவளை காலியானதும் ஊசலைத் தள்ளிவிடுவேன். பத்து நிமிடம்.

அப்போது கொம்பு பத்து நிமிடம் பிந்துமே, அதனால் பெண்களுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். அவர்களை எழுப்புவது கொம்பு அல்ல, சேவல்தான். கொம்புக்கு முன்னாலேயே எழும்பிப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருப்பார்கள். ஆறு அடிப்பது பத்து நிமிடம் தள்ளிப் போனால் பிள்ளைக்கு வயிறு நிறையும். அவ்வளவுதான் விஷயம்.

மாலையில் யாரும் பார்க்காதபோது முள்ளைப் பத்து நிமிடம் முன்னே தள்ளிவிடுவேன். சனிக்கிழமை தபால்காரன் அப்புத்தளை ஸ்டேஷன் மணியைக் கேட்டு வரும்போது எல்லாம் சரியாக இருக்கும். பிடிபட்டால் எனக்கு வேலை நீக்கும் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து விரட்டுவார்கள். அக்கா குடும்பமும் லயத்தைக் காலி பண்ண வேண்டியதுதான். அந்தச் சீட்டில் எழுதுவதைப் பார்த்த பிறகு ஊவா மாகாணம் முழுக்க எந்தத் தோட்டமும் எங்களைச் சேர்க்காது. ஒரு வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது. அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது.

பகலில் பிந்தும், இரவில் முந்தும்

ஒரே தொல்லை, பங்களாக் கடிகாரம். அப்பு அதைக் காலைக் கொம்புக்குத் திருத்துவான். மாலைக் கொம்பு ஊதும்போது அது பத்து நிமிடம் பிந்தி நிற்கும். மாலையில் மறுபடி திருத்துவான். காலையில் அது பத்து நிமிடம் முந்தி நிற்கும். பகலில் பிந்தி இரவில் முந்தும் கடிகாரத்தைப் பெரிய துரை இரண்டு தடவை கொழும்புக்கு அனுப்பிப் பழுது பார்த்தார். அங்கே அது ஒழுங்காகத்தான் ஓடியதாம்.

சும்மா துரை வந்து ஒரு மாதத்தில் இதைக் கவனித்துவிட்டார். அவருடைய இரண்டு கடிகாரமும் பங்களாக் கடிகாரம் செய்ததையே செய்தன.

ஒரு மாலை ஸ்டோருக்கு வந்தார். குரலில் துரைத்தனம் இல்லாமல், இங்கிலீஷில் மெதுவாகப் பேசினார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. மெதுவாகப் பேசுகிற துரையிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

"உயரத்தில் ஒரு கடிகாரம், பள்ளத்தில் ஒரு கடிகாரம். இரண்டும் ஒரே மாதிரி ஓடும் என்று யார் சொன்னது, கணக்கப்பிள்ளை? ஓடாது என்றுதான் நான் எட்டு வருடமாக யோசிக்கிறேன்" என்றார். "ஆனால் என் கணக்குப்படி ஆயிரம் வருடம் காத்திருந்தாலும் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் தோட்டத்தில் ஒரு நாளில் பத்து நிமிடம் வருகிறது."

நான் தரையைப் பார்த்தேன்.

"அடுப்புச் சூட்டில் ஊசல் நீளும். நீண்டால் கடிகாரம் பிந்த வேண்டும். இங்கே பகலில் முந்துகிறது. யாராவது இதைத் தொடுகிறார்களா?"

"யாரும் தொடுறதில்லைங்க துரை. சாவி என்கிட்டதான் இருக்கு."

அவர் முகம் ஒரு மாதிரி தொங்கிப் போயிற்று. நடிக்கிறார் என்று தீர்மானித்தேன். எல்லாம் தெரிந்துகொண்டு என் வாயைப் பிடுங்குகிறார். பெரிய துரைதான் இவரைத் துப்பு பார்க்க வரவழைத்திருக்கிறார். மைத்துனன், சீக்காளி, புரொபசர் என்பதெல்லாம் வேஷம்.

அன்றிலிருந்து நான் அவரைத் துப்பு பார்த்தேன். அப்புவுக்கு வாரம் ஒரு கட்டுப் புகையிலை.

ஒளித்து வைத்த கத்தி

புகையிலைக்கு ஈடாக அப்பு சொன்னதையெல்லாம் சேர்த்தால் ஒரு வாழ்க்கைக் கதை கிடைத்தது.

அவருடைய அப்பா ஒரு வடகடலோரத்தில் வெளிச்சவீட்டுக் காவல்காரர். விளக்கு சுற்றி வருவதை எண்ணி எண்ணித்தான் பையன் கணக்குப் படித்தானாம். உபகாரச் சம்பளத்தில் காலேஜ் போனார். இருபத்தைந்து வயதில் வெளிச்சத்தைப் பற்றி ஆறு பக்கம் எழுதினார். அந்த ஆறு பக்கத்துக்கு நரைத்த புரொபசர்களெல்லாம் எழுந்து நின்றார்களாம். பெரிய உத்தியோகம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி. அடுத்தது எங்கே?

அடுத்தது வரவில்லை. எட்டு வருடம் வரவில்லை. தூக்கம் போயிற்று. ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து பக்கம் பக்கமாக எண்கள் எழுதினாராம். பிறகு பார்த்தால், அவர் கணக்குப் போட்டிருந்த நட்சத்திரங்கள் வானத்திலேயே இல்லையாம். அவரைத் தனி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, அதன் பிறகுதான் கப்பல் ஏற்றினார்களாம்.

"நோனா சவரக் கத்தியெல்லாம் எடுத்து ஒளிச்சு வச்சிருக்கு. நான்தான் தெனம் மொகம் வழிச்சு விடுறேன்" என்றான் அப்பு. துரைசானியை அவன் நோனா என்றுதான் சொல்வான்.

கொஞ்சம் மனசு இளகியவனாக இருந்தால் அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்கும். எனக்கு உறைக்கவில்லை. கத்தியை அப்பு கண்ணில் படும்படி ஏன் ஒளித்தார்கள் என்று யோசித்தேன்.

மூன்று காலை

ஒரு திங்கட்கிழமை நாலரை மணிக்கு நான் ஸ்டோருக்குப் போனபோது அவர் வாசலில் நின்றார். கடிகாரத்துக்கு எதிரே ஒரு காலித் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டார். "மூன்று நாள் பார்க்கிறேன்" என்றார்.

என் தேத்தண்ணி ஆறிப் போயிற்று. ஊசல் நிற்கவில்லை.

அன்றைக்குக் கீழ்ப்பிரிவுப் பெண்கள் பதினொரு பேர் பிந்தி வந்தார்கள். சின்னத்துரை கையை வீசித் திருப்பி அனுப்பினார். அக்கா இடுப்புச் சேலையை இறுக்கிக் கட்டியபடி என்னைப் பார்த்தாள். நான் பேர்ப் புத்தகத்தைப் பார்த்தேன்.

அன்று மத்தியானம் லயத்துக்குப் போனேன். "அக்கா, ரெண்டு நாள் பொறுத்துக்க. அந்தாளு வேவு பாக்குறான்."

"வேவு பாக்குறவன் மூஞ்சி இப்புடியா இருக்கும்? அது தூங்காத மூஞ்சிடா. எம் புள்ள செத்தப்ப நான் எப்புடி இருந்தேன், அப்புடி இருக்கு."

"ஒனக்கு ஒன்னும் தெரியாது. நீ பேசாம இரு."

இரண்டாம் நாளும் அப்படியே. அன்று பெண்கள் சிலர் பிள்ளைக்குக் கொடுக்காமல் ஓடிவந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் காலைக் கொம்பும், ஸ்டோர் கடிகாரமும், அவர் கடிகாரமும் எல்லாம் ஒத்துப் போயின. பத்து நிமிடம் காணாமல் போயிருந்தது.

நானாக இருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன். அவர் போகவில்லை. குறிப்புப் புத்தகத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினார். இரண்டு மாத எண்கள். "நான் பார்க்கும்போது இது சரியாக ஓடுகிறது. பார்க்காதபோது ஓடவில்லை. இதை நான் உண்மையாகவே பார்த்து எழுதினேனா? மறுபடியும் இல்லாததை எழுதிவிட்டேனா? உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். இந்தக் கடிகாரம் எப்போதாவது பிழையாக ஓடியதா?"

ஒரு வார்த்தை. ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"கடிகாரம் சரியாத்தாங்க ஓடுது" என்றேன்.

அவர் தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டார். நான் பெரட்டுக்குப் போய்விட்டேன்.

அக்கா கதவைத் திறந்தாள்

அன்றும் ஒன்பது பேர் திரும்பினார்கள். சின்னத்துரை குதிரையில் மலைக்குப் போன பிறகு நான் புத்தகத்தை வைக்க ஸ்டோருக்குள் வந்தேன். அவர் அதே பெட்டியில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பின்னால் காலடிச் சத்தம். அக்கா. இடுப்பில் பிள்ளை. கொழுந்துக்காரிகள் வேலையில்லாமல் ஸ்டோருக்குள் காலே வைக்கக் கூடாது. நான் கையைக் காட்டித் தடுத்தேன். அவள் என்னை ஓர் ஆளாகவே எண்ணவில்லை.

"தொரை" என்றாள். அவர் நிமிர்ந்தார். "நீங்க இங்க குந்திக்கிட்டு இருந்தா எம் புள்ளைக்குப் பால் இல்ல. ஒங்களுக்கும் தூக்கமில்ல. ரெண்டு பேரும் எதுக்கு வதைபடணும்?"

கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். ஊசலில் விரலை வைத்தாள். டிக் டிக் நின்றது. பிறகு மேசையில் இருந்த என் குவளையை எடுத்து, காலிக் குவளையிலிருந்து மெதுவாகக் குடிப்பது போலக் காட்டினாள். கீழே வைத்தாள். ஊசலைத் தள்ளிவிட்டாள். திரும்பி என்னைச் சுட்டிக் காட்டினாள்.

என் வேலை, லயம், ஊர், எல்லாம் அந்த நேரத்தில் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கூடப் பிறந்தவளே காட்டிக் கொடுத்துவிட்டாளே என்று அவள்மேல் எரிச்சலாக வந்தது.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், குவளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையேட்டில் படித்த தமிழில், "ஏன்?" என்று அவளைக் கேட்டார். அவள் பிள்ளையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "பத்து நிமிடம்" என்று இங்கிலீஷில் திரும்பத் திரும்பச் சொன்னார். அக்காவும் சிரித்துவிட்டாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றவன் நான் மட்டும்தான்.

அடுத்த காலைதான் முதலில் சொன்ன காலை. பங்களாவிலிருந்து இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னாலேயே வந்துவிட்டார். குடித்து முடித்து, ஊசலைத் தள்ளிவிட்டு, குவளையைக் கவிழ்த்து வைத்தார். "இனி இது என் வேலை, மாலையில் முள்ளைத் தள்ளுவதும்தான். இந்தத் தோட்டத்தில் எனக்கும் ஒரு வேலை வேண்டாமா?" என்றார்.

நான் நம்பவில்லை. என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத் தூண்டில் போடுகிறார் என்று நினைத்து, அன்றிலிருந்து ஐந்து காலையும் கடிகாரத்திலிருந்து பத்தடி தள்ளியே நின்றேன்.

"தெரியாதுங்க துரை"

மூன்று நாள் பிந்திய பெண்கள் நான்காம் நாளிலிருந்து ஒருவர்கூடப் பிந்தவில்லை. சின்னத்துரை அதைக் கவனித்துப் பெரிய துரையிடம் சொல்லிவிட்டார். சும்மா துரை விரல் வைத்த ஐந்தாம் காலை பெரிய துரையே நேரில் வந்து கதவைத் தள்ளினார்.

மைத்துனர் விரல் ஊசலில் இருந்தது.

பெரிய துரையின் முகம் செங்கல்லாகச் சிவந்தது. "யார் வேலை இது?" என்று கத்தினார். கத்தியது அவரிடம், பார்த்தது என்னை.

"என் வேலை. வந்த நாளிலிருந்து நான்தான் செய்கிறேன். இவருக்கு ஒன்றும் தெரியாது" என்றார் சும்மா துரை.

அவர் வருவதற்கு முந்தியே பங்களாக் கடிகாரம் இரண்டு தடவை கொழும்புக்குப் போய் வந்ததைப் பெரிய துரை யோசித்திருந்தால் நான் அன்றே தொலைந்திருப்பேன். கோபத்தில் அவருக்கு அது தோன்றவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாதுங்க துரை."

அதோடு முடிந்தது. ஆளுக்கு மறுபடியும் புத்தி பேதலித்துவிட்டது என்று பங்களாவில் தீர்மானித்தார்கள். பதுளையிலிருந்து டாக்டர் வந்து ஏதோ எழுதிக் கொடுத்தார். துரைசானி மூன்று நாள் சாப்பிடவில்லை என்று அப்பு சொன்னான். அடுத்த கப்பலில் அனுப்ப ஏற்பாடாயிற்று. கூடவே போக ஆஸ்பத்திரி ஆள் ஒருவன்.

பெட்டிகளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனவன் நான். அப்புத்தளையில் மூட்டம் பிளாட்பாரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. ஆஸ்பத்திரி ஆள் டிக்கெட் எடுக்கப் போனபோது கிட்டே போனேன். நன்றி சொல்லப் போனேன் என்று எழுத ஆசைதான். நான் கேட்டது வேறு. "எதுக்காகத் துரை இப்படிச் செஞ்சீங்க? ஒங்களுக்கு இதுல என்ன?"

அவர் ஸ்டேஷன் கடிகாரத்தையும் தன் கடிகாரத்தையும் ஒத்துப் பார்த்தார். "உங்கள் அக்காவிடம் ஒன்று சொல்லுங்கள். எனக்குப் பைத்தியம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை எனக்குச் சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் என்ன நினைத்தாலும் இனிப் பரவாயில்லை."

போய் அக்காவிடம் சொன்னேன். அவள் பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். துவட்டுவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். நீ ஏன்டா வாயத் தொறக்கல?"

பத்திரிகையில் வந்தது

கடிகாரத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். ஆறு மாதத்தில் துரைசானி சொல்லி, பெரட்டுக் களத்துக்குப் பக்கத்திலேயே புதுப் பிள்ளைக்காம்பரா கட்டினார்கள். அதற்குப் பிறகு பெண்கள் எதிர்ப் பக்கம் ஓட வேண்டியிருக்கவில்லை. கப்பலிலிருந்து தம்பி துரைசானிக்கு ஒரு கடிதம் போட்டிருக்க வேண்டும். விசாரித்தேன், அப்புவுக்குத் தெரியவில்லை.

அவர் ஊருக்குப் போய் இரண்டு வருடத்தில் உயரத்துக் கடிகாரத்தையும் பள்ளத்துக் கடிகாரத்தையும் பற்றி எழுதி முடித்தார். சண்டைக்குப் பிறகு உலகம் அதை ஒப்புக்கொண்டது. பரிசு, பட்டம், மாலை. பண்டாரவளையில் முதலாளி ஒருவரின் துணிக்கடையில் சாமான் சுற்றிக் கொடுத்த பத்திரிகையில்தான் அவர் படத்தைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. முகம் தூங்கிய முகமாக இருந்தது. காசு கொடுத்து அந்தப் பத்திரிகையின் மிச்சத் தாளையும் வாங்கினேன். முதலாளி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

சென்ற மாதம் அவர் காலமானார். பத்திரிகைகளில் நீளமாக எழுதியிருந்தார்கள். வெளிச்சவீடு, ஆறு பக்கம், பரிசு எல்லாம் இருந்தது. நடுவில் ஒரு பத்தி. இலங்கை மலைநாட்டில் உறவினர் தோட்டத்தில் தங்கியிருந்தபோது அவருக்குச் சித்தப்பிரமை முற்றியதாம். மாதக்கணக்கில் விடியற்காலையில் ஒளிந்துபோய்த் தோட்டத்துக் கடிகாரத்தைக் கெடுத்தாராம். குடும்பத்தார் காவல் போட்டு ஊருக்கு அனுப்பினார்களாம்.

அதை மூன்று தடவை படித்தேன். எழுதியவர்மேல் கோபம் வந்தது. பிறகு அவர் என்ன செய்வார், பாவம், டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று தோன்றியது.

பெரிய துரை இல்லை, துரைசானி இல்லை. அக்கா போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. அன்றைக்கு இடுப்பில் இருந்த செல்லம்மா இப்போது மடுல்சீமைப் பக்கம் பேரப்பிள்ளையோடு இருக்கிறாள். என்னை விரட்ட யாரும் மிச்சமில்லை. அது தெரிந்துதான் எழுதுகிறேன். அதையும் நீங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அக்கா, நீ கேட்ட கேள்விக்கு இப்போதுதான் வாயைத் திறக்கிறேன். கடிகாரத்தை நிறுத்தியவன் நான். அவர் விரல் வைத்தது ஐந்தே காலை. அதுவும் ஒரு குவளைத் தேத்தண்ணி தீரும்வரை. அவருக்குப் பைத்தியம் இல்லை என்பது அன்றைக்கு எனக்கும் தெரியும்.